அலவாங்கு இறங்காத முற்றத்தில் புல்

மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் வீடு. கட்டி முடியும்வரை மணல் லொறியும் கல் லொறியும் முன்வளவுக்குள்தான் வந்து திரும்பின. குடிபுகுந்த கையோடு மேலே சுரண்டிவிட்டு மலேசியன் புல் பதித்தோம். இரண்டு மாதம் நல்ல பச்சை. மாரி தொடங்கியதும் தண்ணீர் இரண்டு நாள் வற்றாமல் நின்றது. புல் மஞ்சளாகி இடையிடையே கோரை எழும்பியது. யூரியா போட்டேன், கோரைதான் கொழுத்தது.

அடுத்துச் செய்தது பெரிய பிழை. எங்கள் வளவு களிமண். களிக்கு மணல் போட்டால் இளகும் என்று யாரோ சொல்ல, ஆற்றுமணல் ஓரங்குலம் பரப்பிக் கொத்திவிட்டேன். சித்திரை வெயிலில் முற்றம் செங்கல்லாகிவிட்டது. கொஞ்ச மணல் களியோடு சேர்ந்தால் இறுக்கம்தான் கூடும். உண்மையிலேயே இளக வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அதற்கு எத்தனை லோட் அடிப்பது?

மாமா வயல்காரர். வந்து அலவாங்கால் (கடப்பாரையால்) ஒரு குத்துக் குத்தினார், ணங் என்றது. ஒரு புல்தகட்டைக் கிளப்பிக் காட்டினார்: வேர் ஓரங்குலம்கூட இறங்காமல் பாய்போலப் பக்கவாட்டில் படர்ந்து கிடந்தது. "முதல்ல வேருக்கு வழிய விடுங்க மருமகன், மறுகா உரத்தப் பாப்பம்." ஓரத்தில் வெட்டிப் பார்த்தால் மேல் நான்கைந்து அங்குலம்தான் இறுக்கம். கீழே நல்ல மண்.

அலவாங்காலேயே துளை போடத் தொடங்கினேன். ஆனால் அது மண்ணைப் பக்கங்களுக்கு நெரித்து இன்னும் இறுக்குகிறது. மண் வெளியே வர வேண்டும். வெல்டிங் கடையில் முக்கால் அங்குல இரும்புக் குழாய்க்கு நுனியைத் தீட்டி, பக்கத்தில் பிளவு வெட்டி, மேலே குறுக்குப் பிடி ஒட்டித் தந்தார்கள். மூன்று அங்குல ஆழம், நான்கு விரல் இடைவெளி. ஐப்பசி முதல் மழை விழுந்து மண் பதமாக இருந்த நாட்களில் செய்தேன். காய்ந்தால் குழாய் இறங்காது, சேறென்றால் நம் கால்பட்டே மறுபடி இறுகும். தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். இடுப்பு போய்விட்டது. துளைகளில் அரித்த மாட்டெரு கூட்டித் தள்ளினேன், வெளியே வந்த மண்கட்டிகள் மழையில் தானே கரைந்தன.

அந்த மாரியிலேயே தண்ணீர் அரை நாளில் வற்றியது. அடுத்த ஐப்பசியும் செய்தேன். மோட்டார் சைக்கிள் நிற்கிற இடம் மட்டும் இன்னும் மொட்டைதான். அங்கே சிலாப் போட்டுவிட்டேன்.

கல்லடியிலிருந்து:
எங்களுக்கு நேர்மாறு அண்ணன். கடற்கரை மணல், ஊற்றிய தண்ணீர் நிற்பதே இல்லை. துளைக்குப் பதில் தேங்காய்த் தும்புத்தூளும் எருவும் கலந்துதான் புல் பிடித்தது. கச்சான் என்கிற வறண்ட காற்றுக் காலத்தில் அதுவும் போதாது.

அக்கரைப்பற்றிலிருந்து:
வயல் நிரப்பிய வளவு, பிள்ளைகளின் கிரிக்கெட் வேறு. மலேசியன் புல் இரண்டு தரம் செத்தது. வாப்பா வரம்பிலிருந்து அறுகம்புல்லைக் கொண்டுவந்து நட்டார். வெயிலுக்கும் மிதிக்கும் தாங்குகிறது, மாமர நிழலில் மட்டும் வராது. துளையும் போட்டோம், குழாய் யோசனை தெரியாமல் மண் கிளறும் தோட்ட முள்ளுக்கருவியால். அடுத்த மழைக்கு உங்கள் குழாயைச் செய்விக்கிறேன். பிளவு எத்தனை அங்குல நீளம் வைத்தீர்கள்?

வவுணதீவு:
நான்கு, நானா. அதற்குக் குறைந்தால் மண் உள்ளே சிக்கிக்கொள்கிறது, கம்பியால் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.