மூன்று பச்சைப் புள்ளி, ஒரு கறுப்புத் தட்டு: இந்தப் படத்துக்குச் சாதாரண விளக்கம் என்ன?

மாலைவெளி:
"பறக்கும் தட்டு" என்று சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு படத்தின் ஒரிஜினல் ஃபைல் கிடைத்திருக்கிறது. எந்தச் சாதாரணப் பொருள் இப்படிப் பதியும் என்று கணக்கோடு தெரிய வேண்டும்.

ஃபோனின் மெயின் கேமரா, 4000 × 3000 பிக்சல், 26 மி.மீ. ஈக்விவலென்ட் (35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட்ட குவியத்தூரம்), எஃப்/1.8, 1/50 நொடி, ஐஎஸ்ஓ 640. சூரியன் மறைந்து அரை மணி நேரம். நைட் மோடு இல்லை.

இடது மேல் மூலையிலிருந்து எண்ணினால், மூன்று பச்சைப் புள்ளிகள் (900, 780) பக்கத்தில், தலைகீழ் முக்கோணமாக. கறுப்புத் தட்டு (1350, 1120) இடத்தில், 40 பிக்சல் அகலம், 14 பிக்சல் உயரம், மேலே சின்னப் புடைப்பு. கீழே வலப்பக்கம் ஒரு விளக்குக் கம்பம் (3120, 2210).

2 நொடி கழித்து எடுத்த அடுத்த படத்தில் தட்டு இல்லை. பச்சைப் புள்ளிகள் (1220, 945)க்கு நகர்ந்திருக்கின்றன. விளக்கு (2790, 2050)இல். எடுத்தபோது கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையாம்.

கண்ணாடிவில்லை:
பச்சைப் புள்ளிகள் வானத்தில் இல்லை, லென்ஸுக்குள் இருக்கின்றன. உங்கள் எண்களே சொல்லிவிட்டன.

படத்தின் நடுப்புள்ளி (2000, 1500). விளக்கிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாகக் கோடு போட்டு, அதே தூரம் மறுபக்கம் போங்கள். 4000 − 3120 = 880; 3000 − 2210 = 790. நீங்கள் அளந்தது (900, 780). அடுத்த படத்தில் வரவேண்டியது (1210, 950), வந்தது (1220, 945). பத்திருபது பிக்சல் வித்தியாசம் ஸ்டெபிலைசேஷனால் வருவது. கை ஆட்டத்தைச் சரிக்கட்ட லென்ஸ் நகரும்போது அதன் அச்சு படத்தின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகிவிடும்.

நடப்பது இதுதான். விளக்கின் ஒளியில் ஒரு சிறு பங்கு சென்சாரில் பட்டுத் திரும்பி, லென்ஸ் பரப்பு ஒன்றில் மோதி, மறுபடி சென்சாருக்கே வருகிறது. அதைத்தான் கோஸ்ட் என்கிறோம். அது தலைகீழாக விழும், மங்கலாக இருக்கும், லென்ஸ் பூச்சு எந்த நிறத்தை முழுதாக அடக்கவில்லையோ அந்த நிறத்தில் தெரியும். விளக்குப் பகுதியைப் பெரிதாக்கினால் வெறும் வெள்ளைத் திட்டுதான் இருக்கும், ஒளி மிஞ்சிப்போயிருக்கும். கோஸ்ட் பல மடங்கு மங்கல் என்பதால் விளக்கின் உண்மையான வடிவம் அங்கேதான் பிழைத்திருக்கிறது. அந்தக் கம்பத்தில் மூன்று விளக்குகள், உச்சி மேலே இருக்கும்படி இருக்க வேண்டும்.

உறுதிப்படுத்த, அதே இடத்தில் அதே ஃபோனைப் பிடித்து, லென்ஸுக்கு ஒரு முழம் முன்னால் விரலை நீட்டி விளக்கை மட்டும் மறையுங்கள். புள்ளிகள் அணைந்துவிடும். விரலை எடுத்து ஃபோனை மெல்லத் திருப்பினால், விளக்கு ஒரு பக்கம் போகும், புள்ளிகள் எதிர்ப்பக்கம் போகும்.

இந்தக் கணக்குக்கு க்ராப் செய்யாத படம் அவசியம். ஓரத்தை வெட்டினால் நடுப்புள்ளி மாறிவிடும், கோஸ்ட் "பொருந்தவில்லை" என்று தவறாக முடிவு செய்வோம். மெசேஜ் ஆப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி எக்ஸிஃப் தகவலும் (கேமரா படத்தோடு சேர்த்துப் பதியும் விவரங்கள்) போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பிக்சல்கணக்கு:
தட்டுக்கு வருகிறேன். முதலில் பிக்சலைக் கோணமாக்கணும். 26 மி.மீ. என்பது 35 மி.மீ. ஃபிலிமின் 43.27 மி.மீ. மூலைவிட்டத்துக்குச் சொல்வது, உங்க படத்தின் மூலைவிட்டம் 5000 பிக்சல். 26 ÷ 43.27 × 5000 = ஏறக்குறைய 3000; பிக்சல் கணக்கில் குவியத்தூரம் அவ்வளவு. அதாவது 40 பிக்சல் என்றால் தூரத்தில் 75-இல் ஒரு பங்கு அகலம். இதே கேமராவில் முழு நிலாவே 27 பிக்சல்தான் வரும்.

1 மீட்டர் தூரத்தில் அது 1.3 செ.மீ. பூச்சி. 30 மீட்டரில் 40 செ.மீ. 1 கிலோமீட்டரில் 13 மீட்டர் விமானம். படத்தை மட்டும் பார்த்து "பெரிசு" என்று சொல்ல வழியே இல்லை. வேகமும் அப்படித்தான். மேல் விளிம்பு வழியாகப் போனது என்று வைத்தால், கேமரா திரும்பியதில் காட்சியே மேலே நகர்ந்த 160 பிக்சலைக் கழித்து, 2 நொடியில் குறைந்தது 960 பிக்சல் போயிருக்கணும். 30 மீட்டரில் அது நொடிக்கு 4.8 மீட்டர், ஒரு சைக்கிள் வேகம். 1 கிலோமீட்டரில் மணிக்கு ஏறக்குறைய 575 கிலோமீட்டர். தூரத்தை மனசுக்குள்ளே கூட்டி வைத்துவிட்டு வேகத்தைப் பார்த்து மிரளுகிறோம், பெரும்பாலான படங்களில் கோளாறு இங்கேதான்.

என் கணிப்பு பறவை. 30 மீட்டர் தள்ளி நொடிக்கு 10 மீட்டரில் குறுக்கே போனால் 1/50 நொடியில் 20 செ.மீ. நகரும், அதாவது 20 பிக்சல். உடம்பு 20 செ.மீ., இழுவை 20 செ.மீ., மொத்தம் 40 பிக்சல். மேலே புடைப்பு என்பது தூக்கிய இறக்கை. அது உடம்பைவிட வெளிறித் தெரிந்தால் உறுதி; இறக்கை இன்னும் வேகமாக அசைவதால் பின்னாலுள்ள வானம் அதன் வழியே கலந்து பதியும்.

ஓரக்கோடு:
பூச்சியை இவ்வளவு சீக்கிரம் தள்ளாதீர்கள். சோதிக்க வழி இருக்கிறது.

26 மி.மீ. ஈக்விவலென்ட் ஃபோன் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் எக்ஸிஃபில் தனியாக இருக்கும். அது 5.6 மி.மீ. என்றால், எஃப்/1.8-இல் துவாரம் 5.6 ÷ 1.8 = 3.1 மி.மீ. ஃபோகஸ் தொலைவில் நிற்கும்போது, பக்கத்தில் உள்ள எந்தப் பொருளின் ஓரமும் துவார அளவுக்கு மங்கும்: 1 மீட்டரில் 9 பிக்சல், அரை மீட்டரில் 19, 3 மீட்டரில் 3.

ஆனால் இடவல ஓரத்தை அளக்காதீர்கள், அதில் நகர்வின் இழுவை கலந்திருக்கும். நகர்வுக்கு இணையாக ஓடும் மேல், கீழ் ஓரங்களைத்தான் அளக்க வேண்டும். பெரிதாக்கும்போது மென்மையாக்காத முறையில், ஒவ்வொரு பிக்சலும் கட்டமாகத் தெரியும்படி பெரிதாக்குங்கள். ஓரத்தைச் சுற்றி வெளிறிய வளையம் இருந்தால் அது ஃபோன் சேர்த்த ஷார்ப்பனிங், அதாவது ஓரங்களைச் செயற்கையாகக் கூர்மையாக்கியதன் விளைவு. "ஒளிவட்டம்" என்று அதையும் சிலர் சுற்றுக்கு விடுகிறார்கள்.

முக்கோணம் பற்றி ஒரு வார்த்தை. பறக்கும் முக்கோணம் என்று சொல்லப்பட்ட பெல்ஜியத்தின் பெத்தி-ரெஷாங் படம் 1990-லிருந்து 20 வருடத்துக்கு மேல் விவாதத்தில் இருந்தது. 2011-இல் எடுத்தவரே அது வண்ணமடித்த ஸ்டைரோஃபோம் என்று சொன்னார். அமெரிக்கக் கடற்படையின் பச்சை முக்கோண வீடியோவில் இருந்தது இரவுக்காட்சிக் கருவி வழியாக எஸ்எல்ஆர் கேமராவில் பதிந்த ஒளி என்று 2022 மே மாத நாடாளுமன்ற விசாரணையில் விளக்கினார்கள்.

மாலைவெளி:
அளந்துவிட்டேன். கீழ் ஓரம் 3 பிக்சல். புடைப்பின் ஓரம் 6 வரை பரவியிருக்கிறது, உடம்பைவிட வெளிறியும் இருக்கிறது. குவியத்தூரம் 5.6தான். கம்பத்தில் மூன்று விளக்குகள், உச்சி மேலே. விரலால் மறைத்ததும் புள்ளிகள் போய்விட்டன.

பிக்சல்கணக்கு:
அப்போ 1 மீட்டர் பூச்சி அடிபட்டுப் போச்சு. ஷார்ப்பனிங் ஓரத்தைக் கொஞ்சம் இறுக்கியிருக்கும் என்றாலும் 9-ஐ 3 ஆக்காது. இன்னும் ஒன்று பாருங்க: இரண்டாவது படத்தில் காட்சி முழுக்க இடப்பக்கம் 330, மேலே 160 நகர்ந்திருக்கு. தட்டு அசையாமல் நின்றிருந்தால் (1020, 960)இல் இருக்கணும். பறவை வலப்பக்கம் போயிருந்தால் அதே வேகத்தில் (3020, 960) பக்கம், இன்னும் படத்துக்குள்ளேயே. அங்கே காலியா என்று பாருங்க. காலி என்றால் அது இடப்பக்கமாக வெளியே பறந்திருக்கு.