திறன்பேசி வந்த பிறகு வீட்டுப் பேச்சு: உங்கள் அனுபவம் என்ன?

அப்பாவுக்குக் காது மந்தமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. நேரில் உரக்கப் பேசினால் ஓரளவு பிடித்துக்கொள்வார். தொலைபேசியில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பார். கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வராது.

காரணம் அவர் காதில் மட்டும் இல்லை. பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (ஒலியின் சுருதியை அளக்கும் அலகு) வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். சொற்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் கூர்மையான மெய்யொலிகள் பல அதற்கு மேலேதான் இருக்கின்றன. முதுமையில் காது முதலில் இழப்பதும் அந்த உயர்ந்த ஒலிகளைத்தான். 4ஜி வழியாகவும் இணையம் வழியாகவும் பேசும்போது பெரும்பாலும் 7000 ஹெர்ட்ஸ் வரையாவது கிடைக்கிறது. வீடியோவில் வாயசைவும் தெரிகிறது. அப்படிப் பேசத் தொடங்கிய பிறகு அப்பா "எப்போது? யார் சொன்னது?" என்று குறுக்குக் கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்விகளுக்காக நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்பது அவற்றைக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

கூகுள் 2019இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியையும் போட்டுக் கொடுத்தோம். எதிரில் இருப்பவர் பேசப் பேச, பேச்சு திரையில் எழுத்தாக ஓடும். அப்பாவுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் குடும்பமாக உட்கார்ந்திருக்கும்போது வேறொரு சிக்கல். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுத்து குழம்பிவிடுகிறது. ஆட்களின் பெயர்கள் விநோதமாக மாறி வருகின்றன. அவர் தலை திரையை நோக்கியே குனிந்திருப்பதால் எங்கள் முகங்களைப் பார்ப்பதில்லை. நாங்கள் சிரித்து முடித்த பிறகு அவர் தனியாகச் சிரிப்பார். "இதுதான் எழுத்தில் வருகிறதே" என்று அவர் பக்கம் திரும்பிப் பேசுவதையே சிலர் விட்டுவிட்டார்கள். இதுதான் என்னை உறுத்துகிறது. கருவி வந்ததும் மனிதர்கள் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ளலாமா?

*

மேலே எழுதிய சகோதரிக்கு: பேசுகிறவர் போனைத் தன் கன்னத்துக்கு அருகே பிடித்துக்கொண்டு பேசிப் பாருங்கள். எழுத்தும் முகமும் ஒரே பார்வையில் கிடைக்கும். என் மாமியாருக்கு அப்படித்தான் செய்கிறோம்.

எனக்கு வேதனை தந்தது வாட்ஸ்அப்பின் நீல நிற டிக். 2014 நவம்பரில் அது வந்தது. என் தம்பி ஒரு செய்தி அனுப்பியிருந்தான். குழந்தையின் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் காத்திருந்தபோது திறந்து பார்த்தேன், அதற்குள் உள்ளே அழைத்துவிட்டார்கள். அவன் கண்ணுக்குத் தெரிந்தது "படித்துவிட்டாள், பதில் சொல்லவில்லை" என்பது மட்டுமே. பல நாட்கள் பேசாமல் இருந்தான். கடிதக் காலத்தில் நாம் எப்போது உறையைப் பிரித்தோம் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையில் ஓர் இரக்கம் இருந்தது.

இப்போது டிக்கை நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்படி நிறுத்தினால் மற்றவர்கள் படித்தார்களா என்பதும் நமக்குத் தெரியாது. அது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது. குழுக்களில் மட்டும் எப்படி நிறுத்தினாலும் தெரிந்துவிடும், கவனியுங்கள். அவசரம் என்றால் தம்பி அழைத்துவிடுகிறான்.

*

என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். பேரன் வளர்வதைத் தினமும் வீடியோ அழைப்பில் பார்க்க முடிவது பெரும் பேறு. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தொல்லை எல்லாம் பேச்சு வந்து சேரும் தாமதத்தில்தான். நேரில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்கிறார்கள். இணைப்பு அதைவிடத் தாமதித்தால் இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்துகிறோம். "நீ சொல்", "இல்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்பதிலேயே பாதிப் பேச்சு போகிறது. என் மனைவி மெதுவாகப் பேசுபவள். அவள் வாய் திறப்பதற்குள் யாராவது முந்திவிடுவார்கள், அவள் எழுந்து போய்விடுவாள்.

அதனால் எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். பேச விரும்புபவர் கையைத் தூக்க வேண்டும். முதலில் பாட்டி பேசி முடிக்க வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். பேரன் இதைக் கண்டிப்பாக நடத்துகிறான், நான் குறுக்கிட்டால் "தாத்தா, கை!" என்கிறான்.