அப்டேட்: இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கியாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, பெங்களூர் வாடகை வீட்டுக்கு டியூபுலரா (தண்ணி ஊத்துற லெட் ஆசிட் பேட்டரி) லித்தியமான்னு, கடைசில 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர்தான். லித்தியத்துல தண்ணி ஊத்துற வேலையில்ல, சீக்கிரம் சார்ஜ் ஏறும், ஆனா விலையைக் கேட்டதும் வீட்டம்மா பார்த்த பார்வை இருக்கே! கணக்கு இதான்: 150-ஐ 12 வோல்ட்டால பெருக்குனா 1800 வாட் அவர், ரொம்ப இறக்குனா பேட்டரி ஆயுசு கொறையும்னு பாதி, 900தான் கணக்குல வச்சுக்கிட்டேன், ரெண்டு ஃபேன், லைட்டு, லேப்டாப், ரௌட்டர்னு 240 வாட், இன்வெர்ட்டர் திங்குறதும் போக 3 மணி நேரம் ஓடும். நேத்து மழைல கரண்ட் போய் ரெண்டரை மணி நேரம் கழிச்சுதான் வந்துச்சு, மீட்டிங் கட்டாகல. ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் (லைன் கரண்ட் மாதிரியே சீரான அலையா குடுக்குறது) எடுக்கச் சொன்ன புண்ணியவான்களே நன்றி, பழைய வீட்ல ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஃபேன் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். சார்ஜ் ஆகும்போது கேஸ் வரும்னு பால்கனி பக்கம் காத்தோட்டமா வச்சிருக்கேன்.