மிதந்து வந்த குப்பையில் உயிர் ஒட்டியிருந்ததைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

நெய்தல்வாசன்
புயல் ஓய்ந்த மறுநாள் கோவளம் கரையில் ஒரு மஞ்சள் கேன் கிடந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கொட்டலசு, ஓட்டுக்குள் இருந்துகொண்டு எதிலாவது ஒட்டி வாழும் சின்னக் கடலுயிர். பாறையில் ஒட்டுகிற வகை இல்லை, காம்பு வைத்தது. குனிந்து பார்த்தால் வெள்ளை ஓடு லேசாகத் திறக்கிறது, கறுத்த இழைகள் வெளியே வந்து காற்றைத் துழாவிவிட்டு உள்ளே போகின்றன. தண்ணீரில் இரை பிடிக்கிற கால்கள் அவை. வெயில் ஏற ஏறத் துழாவல் மெதுவாகிக்கொண்டே வந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன், "பாவம் தம்பி, கடல்லயே போட்டுடு" என்றார். போடலாமா, கூடாதா? இன்னும் மனசில் உறுத்துகிறது.

பவானி, தூத்துக்குடி
அந்தக் கொட்டலசு வெளியூர் உயிர் இல்லை தம்பி. நடுக்கடலில் மிதக்கிற எதிலும் ஒட்டும். கட்டை, தேங்காய் என்று அப்பா காலத்திலிருந்தே பார்க்கிறோம், இதில் பயப்பட ஒன்றுமில்லை. என்னை விடாதது வேறு. அறுந்து மிதந்த நைலான் வலைக்குள் ஒரு பங்குனி ஆமை. முன்துடுப்பில் நூல் எலும்புவரை இறங்கியிருந்தது. அதே வலை முடிச்சுகளில் பொடி நண்டுகள் சுகமாக ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் அண்ணன் கத்தியால் வலையை அறுத்துவிட்டார். ஆமை உடனே முங்கவில்லை, படகுப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

ராஜி, போர்ட்லண்ட்
பவானி அக்கா, கட்டையும் பிளாஸ்டிக்கும் ஒன்றா? கட்டையைக் கப்பல்புழு, அதாவது மரத்தைத் துளைக்கும் கடலுயிர், தின்று சில வருடத்தில் முடித்துவிடும். பிளாஸ்டிக்கை எது தின்னும்?

2011 சுனாமி ஜப்பானின் மிசாவா துறைமுகத்திலிருந்து பிய்த்துப்போன மிதவைமேடை ஒன்று, 2012 ஜூனில் இங்கே ஓரிகனில் அகேட் பீச்சில் ஒதுங்கியது. கான்கிரீட்தான், ஆனால் மிதக்கவைத்தது உள்ளே அடைத்திருந்த ஃபோம். பசிபிக்கையே கடந்தும் ஜப்பான் பாசியும் நட்சத்திர மீனும் நண்டும் உயிரோடு இருந்தன. அவை இங்கே பரவிவிடக் கூடாதென்று சுரண்டி எடுத்துக் குழிதோண்டிப் புதைத்தார்கள், மிச்சத்தைத் தீப்பந்தக் கருவியால் பொசுக்கினார்கள். நாங்கள் போனபோது அதன் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தேன். ஊர் பேர் தெரியாத யாரோ தினமும் நின்று மீன் இறக்கிய இடம். அழுகை வந்துவிட்டது.

அடுத்த வருடம் வாஷிங்டன் கரைக்கு வந்த சிறு படகில் ஜப்பான் மீன்களே உயிரோடு இருந்தன. 2017 வரை இப்படி ஹவாய்க்கும் வட அமெரிக்காவுக்கும் வந்தவை 289 வகை உயிர்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2023இல் வெளியான ஆய்வில், நடுப் பசிபிக்கில் அள்ளிய 105 பிளாஸ்டிக் பொருள்களில் சுமார் 70 சதவீதத்தில் கரையோர உயிர்கள் இருந்தன. அங்கேயே இனமும் பெருக்குகின்றன. பயப்பட வேண்டியது இதற்குத்தான் அக்கா.

மூர்த்தி
பழவேற்காட்டில் ஒரு பாட்டிலைத் தூக்கினேன், கனத்தது. சுற்றிலும் காக்கா ஆழி கொத்துக்கொத்தாக அப்பியிருந்தது. தென் அமெரிக்கச் சிப்பி அது. கப்பல் வழியாக வந்தது என்கிறார்கள், ஆனால் உள்ளே வந்த பிறகு பாட்டிலும் அதற்குப் படகுதான்.

அதனால் நெய்தல்வாசன், திரும்பக் கடலில் போடவே போடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். கேனில் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள். அலை ஏறாத மேட்டுக்கு இழுத்துப் போடுங்கள், வெயிலில் நன்றாகக் காயட்டும். ஒட்டியிருப்பதைத் தண்ணீர் ஓரத்தில் வைத்துச் சுரண்டாதீர்கள். வேறு கழிமுகத்துக்குப் போவதாக இருந்தால் வலை, கயிறு, செருப்பு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துவிட்டுப் போங்கள்.

பவானி, தூத்துக்குடி
சரி ராஜி, கப்பல்புழு சமாச்சாரம் நியாயம்தான். மூர்த்தி சார், வலையைக் கழுவுவது இருக்கட்டும். கிழிந்த வலையைக் கரையில் யார் வாங்கிக்கொள்கிறார்கள்? எங்கள் படகுத்துறையில் அதற்கென்று ஒரு தொட்டிகூட இல்லை. உங்கள் ஊரில் இருந்தால் எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதுங்கள்.