அந்த நாற்காலி யாருடையது?

சமூகவியல், முதுகலை:

சேர்க்கையின்போது கையில் கொடுக்கிற விதிமுறைக் கையேட்டில் வருகைப்பதிவு உண்டு, அபராதம் உண்டு, அடையாள அட்டை தொலைந்தால் என்ன செய்வது என்பதுகூட உண்டு. வகுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே ஜன்னலோர நாற்காலி ஒருவருக்குப் பட்டா ஆகிவிடும் என்பது மட்டும் அதில் இல்லை.

எங்கள் வகுப்பில் தாமதமாகச் சேர்ந்த ஒரு மாணவி, விவரம் தெரியாமல் அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வழக்கமாக அங்கே உட்காருகிறவள் வந்தாள். நின்றாள். பையின் ஜிப்பைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினாள். கைப்பேசியைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசைக்குப் போய் நோட்டைச் சற்று ஓங்கியே மேசையில் வைத்தாள். அத்தனை பேரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. புதியவளுக்கோ, தான் செய்த குற்றம் என்ன என்று அந்தப் பருவம் முடியும்வரை தெரியாது.

இத்தகைய விதிகள் மீறப்படும்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் 1960களில் தம் மாணவர்களை வைத்தே காட்டினார். சொந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியிருப்பவரைப் போல நடந்துகொள்ளுங்கள் என்று அனுப்பினார். மாணவர்கள் செய்ததெல்லாம் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசியதும், கேட்டால் மட்டும் பதில் சொன்னதும்தான். அதற்கே வீட்டார் குழம்பினார்கள், கோபப்பட்டார்கள், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

எங்கள் பேராசிரியரும் அதே வழியில் ஒரு பயிற்சி கொடுத்தார். யாருக்கும் தீங்கில்லாத ஒரு வழக்கத்தை மீறிவிட்டு, நடந்ததை எழுதிவர வேண்டும். நான் நூலகத்தைத் தேர்ந்தெடுத்தேன். சுற்றிலும் நாற்காலிகள் காலியாக இருக்க, படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "நீங்கள் எழுந்துகொள்கிறீர்களா? நான் இங்கே உட்கார வேண்டும்" என்றேன். காரணம் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், காலி நாற்காலிகளைப் பார்த்தார், எழுந்துவிட்டார். சார்ஜரைக் கழற்றிக்கொண்டு, மேசையில் கிடந்த அழிரப்பர் துகளைக்கூடத் துடைத்துவிட்டுப் போனார். எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது.

1970களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயிலில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் மாணவர்கள் இதையே செய்தார்கள். காரணம் சொல்லாமல் கேட்டபோதும் 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். தாமே கேட்கப் போன மில்கிராமுக்கு வார்த்தை வெளியே வரவில்லையாம். இடம் கிடைத்ததும், கேட்டதற்கு நியாயம் வேண்டுமே என்பதுபோல, நோயாளி மாதிரித் தலையைத் தொங்கப்போட்டாராம். வாசித்தபோது சிரித்தேன். கேட்கப் போனபோது சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். பெரிய குற்றங்கள் வேண்டாம், அவற்றுக்கு விசாரணைக் குழு இருக்கிறது.

இயற்பியல், மூன்றாமாண்டு:

எழுந்துபோன அந்த மனிதர் அன்று என்ன படிக்க வந்தாரோ, பாவம். அவரிடம் யாராவது கேட்டீர்களா?

நான் நூலகத்தில் மாலை வேளைகளில் புத்தகம் அடுக்கும் வேலை பார்க்கிறேன். தேர்வு நெருங்கினால் ஆட்கள் இல்லாமல் பைகள் மட்டும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும். அதிலும் தராதரம் உண்டு. தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தால் உரிமை கொஞ்சம் பலவீனம். திறந்த புத்தகமும் அதன்மேல் மூடாத பேனாவும் இருந்தால் ஆள் எந்த நொடியும் வரலாம் என்று பொருள். மடிக்கணினியையே விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கிற ஒரு மேசைக்கு அத்தனை விலையுள்ள பொருளைக் காவல் வைக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு.

எங்கள் நூலகத்தில் அரைமணி நேரம் ஆளில்லாமல் கிடந்தால் பொருளை நகர்த்திவிட்டு உட்காரலாம் என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஒரு மாணவர் அந்த அறிவிப்பின் கீழேயே நின்றுகொண்டு படித்தார். எதிரே நாற்காலியில் ஒரு துப்பட்டா மட்டும் வெகுநேரமாகக் கிடந்தது. நகர்த்திக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். "எதற்கு வம்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சுவரில் இருக்கும் விதியைத் துப்பட்டா வென்றுவிட்டது.

உளவியலாளர்கள் நான்சி ஃபெலிப்பேயும் ராபர்ட் சோமரும் 1966இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குப் பக்கத்தில் வருகிறது. பல்கலைக்கழக நூலகத்தில் தனியாகப் படித்துக்கொண்டிருந்த மாணவியரின் பக்கத்தில் வேண்டுமென்றே நெருக்கி உட்கார்ந்தார்கள். அரைமணி நேரத்துக்குள் 70 சதவீதம் பேர் எழுந்து போய்விட்டார்கள். போவதற்கு முன் முழங்கையை நீட்டிப் பார்த்தார்கள், புத்தகங்களை இடையில் வைத்தார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல மட்டும் ஏறக்குறைய யாருமே துணியவில்லை.

சமூகவியல், முதுகலை:

கேட்டேன். உடனே பின்னாலேயே போய் விஷயத்தைச் சொல்லி இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பயிற்சியின் நிபந்தனை. "பரவாயில்லை, ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன்" என்றார்.

வரலாறு, இரண்டாமாண்டு:

விடைபெற்றுக்கொண்டு, கையசைத்து, "பார்க்கலாம்" என்று சொல்லி முடித்த பிறகு, இருவரும் ஒரே திசையில் நடக்க வேண்டியிருப்பதைவிடக் கொடுமை வளாகத்தில் இல்லை. என் விடுதித் தோழி இதற்காகவே காலணி வாரைச் சரிசெய்வதுபோலக் குனிவாள். ஒருநாள் எதிராளியும் அதே நேரத்தில் குனிந்துவிட்டார்.

கணிதம், ஆய்வு மாணவர்:

"சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டதும் விழுகிற மௌனத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

இளங்கலை வகுப்பு ஒன்றுக்குப் பயிற்சிக் கணக்குகள் சொல்லித்தருகிறேன். கேள்வி கேட்டவுடன் தலைகள் குனியும், யாராவது பேனாவை உருட்டுவார்கள், நான் அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். ஆனால் விடைத்தாள் வேறு கதை சொல்லும். துறையில் மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்ன யோசனைப்படி ஒருநாள் கேள்வியை மாற்றினேன். துண்டுத்தாள் கொடுத்து, "இந்த நிரூபணத்தில் எந்த வரியில் வண்டி நின்றது? எண்ணை மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம்" என்றேன். வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் ஒரே வரி. எப்சிலான் என்கிற சிறு எண்ணுக்கு ஏற்றபடி டெல்டா என்கிற இன்னொரு எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வரி. தாள்களைப் பலகையின் கீழே வரிசையாக ஒட்டியபோது வகுப்பில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அதில் பாதி நிம்மதி. முன் வரிசையில் எப்போதும் தலையாட்டிக்கொண்டிருப்பவரும் சிரித்தார்.

உளவியலாளர்கள் டேல் மில்லரும் கேத்தி மெக்ஃபார்லண்டும் 1987இல் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். புரியாதபடி எழுதிய கட்டுரையை மாணவர் குழுக்களிடம் கொடுத்து, சிரமம் இருந்தால் வந்து கேட்கலாம் என்றார்கள். யாரும் கேட்கவில்லை. தான் கேட்காததற்குக் காரணம் கூச்சம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவர் கேட்காததற்கு மட்டும், அவருக்குப் புரிந்துவிட்டது என்று காரணம் கற்பிக்கிறோம். நாற்காலி விவகாரத்திலும் இதுதான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. இடத்துக்கு உரிமை கொண்டாடுவது அபத்தம் என்று அந்த வரிசையில் பாதிப்பேர் நினைத்திருப்பார்கள். மற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை என்றும் நினைத்திருப்பார்கள்.

வணிகவியல், இறுதியாண்டு:

நீங்களெல்லாம் மௌனத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் குழுப்பணியில் எல்லோரும் பேசுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் "அருமை", "அப்படியே செய்வோம்", கட்டைவிரல் படம் எல்லாம் வரும். வேலை மட்டும் வராது. ஒருவர் தரவு திரட்டுவார், ஒருவர் எழுதுவார். இன்னொருவர், எந்தக் குழுவாக இருந்தாலும், கடைசி இரவில் வந்து, "முகப்புப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். முகப்பில் எல்லோர் பெயரும் அகரவரிசையில் இருக்கும். அவருடையது முதலில் வரும்.

அவரைப் பற்றி ஆசிரியரிடம் சொல்லக் கூடாது என்பதும் இங்கே ஒரு விதிதான். சொன்னவர் அடுத்த குழு பிரிக்கும்போது தனியாக நிற்பார். இந்தப் பருவமும் அதே குழு. முகப்புப் பக்கம் என் பொறுப்பு என்று முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.