'ஸ்மெல்ஸ் வெல்' ஏன் தப்பு? – வீட்டுக் குழுவில்

மீனா: சித்தப்பா, 'தி சாம்பார் ஸ்மெல்ஸ் வெல்' தப்பாமே? நல்லா மணக்குதுன்னா 'வெல்'தானே?

ரகு சித்தப்பா: 'குட்'தாம்மா. 'அழகா பாடுறா', 'அழகா இருக்கா' ரெண்டுக்கும் நம்மகிட்ட ஒரே 'அழகா'. இங்கிலீஷ்ல பாடுறதுக்கு 'பியூட்டிஃபுல்லி', இருக்கறதுக்கு 'பியூட்டிஃபுல்'. வம்பே அங்கதான்.

ரகு சித்தப்பா: லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல் வந்தா, அதை எடுத்துட்டு 'இஸ்' வச்சுப் பாரு. 'தி சாம்பார் இஸ் குட்' நிக்குதா? அப்போ 'வெல்'லும் வேண்டாம், 'பியூட்டிஃபுல்லி' மாதிரி 'லி'யும் வேண்டாம்.

கார்த்தி: 'ஹீ லுக்ட் ஆங்கிரிலி அட் மீ'ன்னு கிராமர் புக்ல இருக்கே?

ரகு சித்தப்பா: அங்க 'வாஸ்' வச்சுப் பாரு, உளறலா வரும். அவன் முறைக்கிறான், அது செயல். அதனால 'லி'. 'ஹீ லுக்ட் ஆங்கிரி'ன்னா முகத்துல கோபம் தெரிஞ்சுது, அவ்ளோதான்.

லதா அத்தை: ஒண்ணு விட்டுட்டே ரகு. 'யூ லுக் வெல்' தப்பில்ல. உடம்பு தேறினவங்ககிட்ட சொல்றது. புடவை எடுப்பா இருந்தா 'யூ லுக் குட்'.

கார்த்தி: 'ஹியர் கேர்ஃபுல்லி'?

லதா அத்தை: வராது. காதுல விழுறது ஹியர், காது குடுத்துக் கேக்குறது லிசன். காதுல விழுறதுல நம்ம கவனத்துக்கு என்ன வேலை? 'லிசன் கேர்ஃபுல்லி'ன்னு எழுது. அதே மாதிரி கண்ணுல படுறது சீ, உத்துப் பாக்குறது 'லுக் குளோஸ்லி'.

ரகு சித்தப்பா: ஹியர், சீ கூட எப்படித் தெரியுதுங்கற வார்த்தைதான் சேரும்: கிளியர்லி, ஃபெயின்ட்லி, பேர்லி. போன்ல 'ஐ ஆம் ஹியரிங் யூ' வேண்டாம், 'ஐ கேன் ஹியர் யூ கிளியர்லி'. சரியா கேக்கலைன்னா 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ'. இதுல 'லி'யை முழுங்கிட்டு 'ஹார்ட்'னு எழுதினா போச்சு.

மீனா: 'ஸ்மெல்ஸ் ஸ்ட்ராங்லி ஆஃப் கார்லிக்'னு பாத்திருக்கேன். இதுல மட்டும் எப்படி 'லி'?

லதா அத்தை: என்ன வாசனைன்னு 'ஆஃப் கார்லிக்' சொல்லிடுச்சு. எவ்வளவு தூக்கல்ன்னுதான் பாக்கி. அதுக்கு 'ஸ்ட்ராங்லி'. பின்னாடி 'ஆஃப்' இல்லாம 'ஸ்மெல்ஸ் ஸ்ட்ராங்'.

மீனா: 'தி ரசம் டேஸ்ட்ஸ் சவர் அண்ட் ஸ்மெல்ஸ் ஃபெயின்ட்லி ஆஃப் ஆசஃபெட்டிடா.' சரியா?

ரகு சித்தப்பா: இங்கிலீஷ் சரி 👌

லதா அத்தை: ரசம் சரியில்ல. பெருங்காயம் 'ஸ்ட்ராங்லி' இருக்கணும்.