மூன்று மாதம் நான் சந்தேகப்பட்ட சிடி73 ஆன்டிபாடி: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சிடி73 என்ற செல் மேற்பரப்புப் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியோடு வேலை செய்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மனித ரத்தத்தில் டி-ரெக் செல்களை, அதாவது நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் டி செல்களைப் பார்ப்பது என் வேலை. இவை மற்ற டி செல்களை அடக்கும் வழிகளில் ஒன்று அடினோசின் என்ற சிறு மூலக்கூறு. செல்லுக்கு வெளியே சேரும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை சிடி39 என்ற என்சைம் ஏஎம்பி வரை வெட்டும். அந்த ஏஎம்பியில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டை சிடி73 எடுத்துவிட்டால் அடினோசின் கிடைக்கும். அது பக்கத்து டி செல்லின் ஏ2ஏ ஏற்பியில் ஒட்டினால் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு ஏறும், செல் அடங்கிவிடும். எலியின் டி-ரெக் செல்களில் இரண்டு என்சைமும் சேர்ந்தே இருப்பதை 2007-இல் வந்த ஆய்வு காட்டியிருந்தது. அதைப் படித்த நம்பிக்கையில், மனித சிடி73-க்கான ஏடி2 குளோனை (ஆன்டிபாடியின் ஒரு வகை) பிஇ என்ற ஒளிரும் சாயம் சேர்த்து வாங்கினேன்.

ஃபுளோவில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்க்கும் கருவி) ஓட்டினால் சிடி39 அழகாக வந்தது. சிடி73 மட்டும் டி-ரெக் கேட்டில் (திரையில் அந்தச் செல்களை மட்டும் பிரித்த பகுதியில்) கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஆன்டிபாடி அளவைக் கூட்டினேன், பின்னணிதான் ஏறியது. டி-ரெக் செல்லின் உள்ளே இருக்கும் அடையாளமான ஃபாக்ஸ்பி3-க்காகச் செல்லைத் துளைக்கும் கரைசல் மேற்பரப்பைக் கெடுக்கிறதோ என்று அந்தக் கட்டத்தையே விட்டுவிட்டு, மேற்பரப்பு அடையாளங்களான சிடி25-ஐயும் சிடி127-ஐயும் வைத்து மட்டும் பார்த்தேன். லேசர், காம்பன்சேஷன் (சாயங்களின் ஒளி ஒன்றோடொன்று கலப்பதைச் சரிசெய்வது) எல்லாம் சரி. புதுக் குப்பி வாங்கினேன், அதிலும் அதே படம். மூன்று மாதம் இப்படியே போனது. நன்கொடையாளர்கள் கொடுத்த ரத்தம் வீணாகிறதே என்பதுதான் பெரிய வருத்தம்.

ஒரு நாள், கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "சிடி19 பக்கம் என்ன தெரியுது?" என்று கேட்டார். பி செல்களை ஒதுக்குவதற்காகவே, அவற்றின் அடையாளமான சிடி19-ஐப் பேனலில் (சேர்த்துப் போடும் ஆன்டிபாடித் தொகுப்பில்) வைத்திருந்தேன். அந்தக் கேட்டுக்குள் போய்ப் பார்த்ததே இல்லை. பார்த்தோம். பெரும்பாலான பி செல்களில் சிடி73 பளிச்சென்று இருந்தது. சிடி8 டி செல்களிலும், முக்கியமாக இன்னும் தூண்டப்படாதவற்றில், நல்ல சிக்னல். முதல் நாள் ஓட்டிய பழைய கோப்பைத் திறந்தால் அதிலும் அப்படியே! ஆன்டிபாடி ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. மனித டி-ரெக் செல்லின் மேற்பரப்பில் சிடி73 மிகக் குறைவு, எலியைப் போல இல்லை. குறை என் எதிர்பார்ப்பில்தான் இருந்தது. இப்போதெல்லாம் எந்தக் குப்பி வந்தாலும் முதலில் பி செல்லைத்தான் பார்க்கிறேன்.

* * *

படித்ததும் மனசு கனத்துப்போனது. எனக்கு நேர் எதிர் திசை. மனித ரத்தத்திலிருந்து எலி மண்ணீரலுக்கு மாறினேன், பழைய குப்பி தீரட்டும் என்று அதையே போட்டுவிட்டேன். ஏடி2 மனிதப் புரதத்துக்கு எதிரானது, எலியில் ஒட்டாது. எலிக்கு டிஒய்/23 மாதிரி வேறு குளோன் வேண்டும். ஒரு வாரம் போச்சு.

* * *

நான் பட்டது வெப்பநிலையால். செல் உயிரோடு இருக்கும்போதே 37 டிகிரியில் ஆன்டிபாடி போட்டு அரை மணி நேரம் வைத்தேன், சிக்னல் மங்கலாக வந்தது. சிடி73 சவ்வைத் துளைத்து நிற்கும் புரதம் இல்லை, ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரத்தில் தொங்குவது. ஆன்டிபாடி பிடித்து இழுத்தால் ஒன்றுகூடும், சில செல்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும், லிம்போசைட்டுகள் அதை உதிர்த்தும் விடும். ஐஸில் வைத்து, குளிர்ந்த கரைசலில் கழுவியதும் படம் தெளிவாகிவிட்டது.

அப்புறம் இன்னொன்று: பிஇ சேர்த்த குப்பியை உறைய வைக்காதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வந்த தம்பி நல்லெண்ணத்தில் மைனஸ் 20-ல் வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

* * *

என்சைம் வேலை செய்வதையும் பார்க்க வேண்டும் என்று இறங்குபவர்களுக்கு. ஏஎம்பி கொடுத்து, வெளிவரும் பாஸ்பேட்டை, பாஸ்பேட் இருந்தால் பச்சையாகும் மாலகைட் கிரீன் வைத்து அளந்தேன். தட்டில் எல்லாக் குழியும் கரும்பச்சை, செல்லே போடாத குழி உட்பட. காரணம் நான் கழுவிய பிபிஎஸ். அதுவே பாஸ்பேட் கரைசல்தானே. டிரிஸ் உப்புக் கரைசலுக்கு மாறி, மெக்னீசியம் சேர்த்து, மூன்று முறை கழுவிய பிறகே அளவுகளுக்கு அர்த்தம் வந்தது. ஏஎம்பியை வெட்டுவது சிடி73 மட்டும் இல்லை, அல்கலைன் பாஸ்பேட்டேஸும் வெட்டும். அதனால் ஏபிசிபி என்ற தடுப்பான் போட்ட குழி ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் சிக்னல் விழுந்தால்தான் அது சிடி73-இன் வேலை.

ஒட்டுகிற ஆன்டிபாடி எல்லாம் என்சைமைத் தடுக்கும் என்றும் இல்லை. தடுக்கும் குளோன் என்று நினைத்து ஒன்றை டி செல் வளர்ப்பில் சேர்த்தேன். பெருக்கம் கூடும் என்று காத்திருந்தால் படுத்துவிட்டது. ஐசோடைப் கன்ட்ரோல் (எதையும் குறிவைக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) போட்ட குழியிலும் அதே சரிவு. இரண்டு குப்பியிலும் கெடாமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்த்திருந்தார்கள். அது செல்லின் மூச்சையே நிறுத்துவது. ஐசோடைப் வைக்காமல் இருந்திருந்தால் தப்பான முடிவை எழுதியிருப்பேன், அதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது. உயிருள்ள செல்லுக்கு அசைடு இல்லாத, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) குறைந்த வடிவத்தையே கேட்டு வாங்குங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். அசைடு விஷயத்துக்கு மிகவும் நன்றி. அடுத்த வாரம் செல் வளர்ப்பில் போடலாம் என்று இதே பிஇ குப்பியைத்தான் எடுத்து வைத்திருந்தேன். இப்போதே போய் லேபிளைப் பார்க்கிறேன்.